தொட்டிக் கறிவேப்பிலையில் பிறக்கும் கருப்புப் பட்டாம்பூச்சி

ஜூன் மழை பிடித்ததும் பெங்களூர் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: “கறிவேப்பிலையை ஏதோ மொட்டையடிச்சிருக்கு, என்ன மருந்து அடிக்கலாம்?” பத்துப் பேர் பத்து மருந்து சொல்வார்கள். வேப்பெண்ணெய், பூண்டுக் கரைசல், சோப்புத் தண்ணீர், கடையில் விற்கும் பூச்சிக்கொல்லி என்று பட்டியல் நீளும். தின்பது எது என்று கேட்பவர் குறைவு.

பெரும்பாலும் அது இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று எலுமிச்சை அழகி, அதாவது லைம் பட்டாம்பூச்சியின் புழு. மற்றது காமன் மோர்மனின் புழு. தமிழில் இதைக் கறிவேப்பிலை அழகி என்கிறார்கள். அறிவியல் பெயர் பாப்பிலியோ பாலிடெஸ், 1758இல் ஸ்வீடன் உயிரியலாளர் லின்னேயஸ் வைத்தது. இலங்கை, இந்தியா தொடங்கித் தென்கிழக்கு ஆசியா, தென் சீனா, ஜப்பானின் தெற்குத் தீவுகள் வரை பரவியுள்ள இனம். அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் நம் ஆட்கள் வீட்டு வாசலில் வைத்திருக்கும் ஒற்றைக் கறிவேப்பிலை மரம் இதற்குப் போதும். மூன்றாம் மாடி பால்கனித் தொட்டியையும் மோப்பம் பிடித்து வந்துவிடும்.

ஆணை அடையாளம் காண்பது சுலபம். இறக்கை விரித்தால் ஒன்பது, பத்து சென்டிமீட்டர். உடலும் இறக்கையும் கருப்பு. பின்னிறக்கையின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகள் ஒரே வரிசையில், பட்டை போட்டதுபோல் ஓடும். முன்னிறக்கை விளிம்பிலும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் உண்டு. பின்னிறக்கை நுனியில் வால். எலுமிச்சை அழகிக்கு வால் கிடையாது. அதன் கருப்பு இறக்கையில் மஞ்சள் திட்டுகள் இறைந்து கிடக்கும். பறக்கும்போதே இரண்டையும் பிரித்துவிடலாம்.

பெண்ணில்தான் குழப்பம். தென்னிந்தியாவில் இதன் பெண் மூன்று வேடத்தில் வரும். முதல் வகைக்கு சைரஸ் என்று பெயர். கிட்டத்தட்ட ஆணைப் போலவே இருக்கும். பின்னிறக்கை ஓரத்தில் சிவப்புப் பிறைகள் எடுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். இரண்டாவது ஸ்டிக்கியஸ். பின்னிறக்கை நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரமெங்கும் சிவப்புப் பிறை. ரோஜா அழகி, அதாவது காமன் ரோஸ் பட்டாம்பூச்சியின் அச்சு. மூன்றாவது ரோமுலஸ். முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டைகள், பின்னிறக்கையில் சிவப்புப் புள்ளிகள். இது கிரிம்சன் ரோஸைப் பார்த்துச் செய்தது. கிரிம்சன் ரோஸ் வாழும் பகுதிகளில்தான் ரோமுலஸையும் பார்க்கலாம். அசல் இல்லாத ஊரில் நகலுக்கு வேலை இல்லை.

அசல்கள் இரண்டும் விஷமுள்ளவை. அவற்றின் புழுக்கள் ஈசுவரமூலி, ஆடுதீண்டாப்பாளை ஆகிய கொடிகளைத் தின்று, அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலத்தை உடலில் சேர்த்துக்கொள்கின்றன. ஒருமுறை கடித்துப் பார்த்த பறவை அந்தச் சிவப்பு–கருப்புக் கோலத்தை மறக்காது. காமன் மோர்மன் பெண்ணிடம் அந்த விஷம் துளியும் இல்லை. வேடம் மட்டும் இருக்கிறது. பறக்கும் தோரணையைக்கூட மாற்றிக்கொள்கிறது: ஆண் விருட்டென்று போகும், வேடமிட்ட பெண் ரோஜா அழகியைப் போல் நிதானமாக அலையும்.

களத்தில் பிரித்தறிய ஒரே வழி உடலைப் பார்ப்பது. ரோஜா அழகிக்கும் கிரிம்சன் ரோஸுக்கும் தலையும் வயிறும் சிவப்பு. மோர்மன் எந்த வேடத்தில் வந்தாலும் உடல் கருப்புதான். இறக்கையை மட்டும் பார்த்துப் பெயர் எழுதினால் பாதிக்குப் பாதி தப்பாகும். படமெடுப்பவர்கள் பக்கவாட்டில் ஒரு படமாவது எடுத்துவைத்தால் பிறகு சண்டை வராது.

இந்த மூன்றும் ஒரே இனத்தின் பெண்கள் என்பதை 1865இல் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் எழுதினார். வெகுகாலம் கழித்து, 2014இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, இந்த வேடமாற்றம் முழுவதையும் டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு ஆட்டிவைக்கிறது என்று காட்டியது. பூச்சிகளில் ஆண், பெண் உடலமைப்பை வேறுபடுத்தும் மரபணு அது. அதை இங்கே இறக்கைக் கோலத்துக்கும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது இயற்கை. வேடமுள்ள பெண்ணிடம் அந்த மரபணு இருக்கும் துண்டு தலைகீழாகத் திரும்பிக் கிடப்பதால், கோலம் பாதி அது பாதி இது என்று கலந்துவிடாமல் முழுசாகத் தலைமுறை தாண்டுகிறது. ஆணும் அந்தத் திரும்பிய துண்டைச் சுமக்கலாம். ஆனால் வேடம் போடாது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் கிருஷ்ணமேக் குண்டே, பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்திலுள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் இருப்பவர். நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது, பால்கனியிலேயே செய்முறை இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

இனி செடிக்கு வருவோம். கறிவேப்பிலைக் குடும்பம், அதாவது எலுமிச்சைக் குடும்பம்தான் இதன் புழுவுக்கு உணவு. கறிவேப்பிலை, எலுமிச்சை, நார்த்தை, வில்வம், காட்டில் குருந்து, நர்சரியில் காமினி என்று விற்கும் வெள்ளைப் பூச்செடி எல்லாம் இதில் சேரும். பெங்களூரில் லால்பாக், கப்பன் பார்க், துரஹள்ளி, பன்னேர்கட்டா என எங்கும் பறக்கும் பூச்சிதான் என்றாலும், அடர்ந்த காட்டைவிடத் தோட்டமும் வேலியோரமும் இதற்குப் பிடிக்கும்.

செடியைச் சுற்றி வட்டமடித்து, உட்காராமலே இலைக்கு இலை முன்னங்காலால் தட்டிப் பார்க்கும் கருப்புப் பட்டாம்பூச்சி தென்பட்டால் அது பெண். காலில் சுவை உணரும் உறுப்புகள் உண்டு. சரியான இலை என்று தெரிந்ததும் இறக்கையை அடித்துக்கொண்டே வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டை வைக்கும், அடுத்த கிளைக்குப் போய்விடும். முட்டை வழவழப்பான உருண்டை, வெளிர் மஞ்சள், சுமார் ஒரு மில்லிமீட்டர். முற்றிய இலையில் தேடாதீர்கள். துளிரிலும் துளிரை ஒட்டிய இளம் இலையிலும்தான் இருக்கும், ஓரத்தில் அல்லது அடிப்பக்கம். தாளிப்புக்கு இணுக்கு ஒடிப்பவர்கள் நுனித் துளிரை விட்டு இரண்டாம், மூன்றாம் இணுக்கை ஒடித்தால் பெரும்பாலான முட்டை தப்பும். சமையலுக்கும் முற்றிய இலைதான் வாசம்.

மூன்று, நான்கு நாளில் முட்டை கருத்துப் புழு வெளிவரும். முதல் வேலையாக முட்டை ஓட்டைத் தின்னும். பிறகு நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவம் கடக்கும். முதல் நான்கு பருவமும் பறவை எச்ச வேடம்: பளபளக்கும் கரும்பழுப்பு, நடுவில் வெள்ளைத் தீற்றல். பெரும்பாலும் இலையின் மேல்பக்கமே, எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்திருக்கும். எச்சம் அங்கேதானே விழும். ஐந்தாம் பருவத்தில் ஒரே தோலுரிப்பில் ஆளே மாறிவிடும். உடல் பச்சை, முதுகில் பழுப்பும் வெள்ளையும் கலந்த குறுக்குப் பட்டை, பக்கவாட்டில் சாய்ந்த பட்டைகள், தலைக்குப் பின்னால் பருத்த பகுதியில் இரண்டு பொய்க்கண். தண்டோடு ஒட்டிக்கொண்டால் கண்ணுக்குப் படாது. நாலு சென்டிமீட்டரைத் தாண்டும். “நேத்து ஒரு புழு இருந்துச்சு, இன்னைக்கு வேற புழு வந்திருக்கு” என்று சொல்பவர்கள் பார்ப்பது இந்த மாற்றத்தைத்தான்.

தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு போல் சிவந்த உறுப்பு ஒன்று வெளியே நீளும். ஆஸ்மெட்டீரியம் என்று பெயர். கடைசிப் பருவத்தில் அதில் சுரப்பது ஐசோபியூட்டிரிக் முதலான அமிலங்கள், ஆகவே கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம் அடிக்கும். எறும்பையும் சிலந்தியையும் விரட்டத்தான் அது. மனிதத் தோலில் அரிப்போ கொப்புளமோ வராது. கம்பளிப்பூச்சி பயத்தை இதன்மேல் காட்ட வேண்டியதில்லை. வேடிக்கைக்காக மறுபடி மறுபடி சீண்டாதீர்கள். சுரப்பை மீண்டும் ஊற வைக்க அதற்குச் செலவாகும்.

எவ்வளவு தின்னும் என்பதுதான் வீட்டுக்காரர் கவலை. முதல் மூன்று பருவம் வரை இலையோரம் கடித்த தடம் தவிர எதுவும் தெரியாது. மொத்த உணவில் பெரும்பகுதியைக் கடைசிப் பருவத்தின் ஐந்தாறு நாளில் தின்று தீர்க்கும், நாளுக்கு இரண்டு மூன்று இணுக்கு போகும். எனவே கணக்கு எளிது. இடுப்பளவு வளர்ந்து கிளைவிட்ட செடி நான்கைந்து புழுவைத் தாங்கும், ஒரு மாதத்தில் துளிர்த்துவிடும். முழங்காலளவு நாற்று ஒரு புழுவுக்கே காணாது. அதில் முட்டை கண்டால் அந்த இலையோடு கிள்ளி, பெரிய செடி உள்ள பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வையுங்கள். நுனி தின்னப்பட்ட கிளை பக்கக் கிளை விடும். கறிவேப்பிலைக்கு நாமே செய்ய வேண்டிய கவாத்தை அது செய்கிறது.

துளிர் சுருண்டு பிசுபிசுப்பாக இருந்தால் அது புழுவின் வேலை இல்லை. சிட்ரஸ் சைலிட் என்ற சாறுறிஞ்சி. குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போகும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மருந்தடிப்பவர்களே அதிகம்.

வளர்த்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு: பெட்டியைவிடச் செடியிலேயே விடுவது மேல். புழு இருக்கும் கிளையைக் கொசுவலைத் துணியால் பை போல மூடி, அடிப்பக்கம் நூலால் கட்டுங்கள். கட்டும் முன் உள்ளே எறும்பு, சிலந்தி, குதிக்கும் சிலந்தியின் கூடு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் புழுவை அதற்குப் படையல் வைத்ததாகும். இரண்டு நாளுக்கொரு முறை பையை அவிழ்த்து எச்சத்தை உதற வேண்டும்.

பெட்டியில்தான் வளர்ப்பேன் என்றால் இரண்டு லிட்டர் டப்பா, அடியில் டிஷ்யூ காகிதம், வாயில் வலைத்துணி. ஒரு டப்பாவுக்கு இரண்டு புழு, அதற்குமேல் வேண்டாம். இணுக்கைச் சின்னப் பாட்டிலில் தண்ணீரில் செருகி, பாட்டில் வாயைப் பஞ்சால் இறுக அடையுங்கள். இடைவெளி விட்டால் புழு தண்டு வழியே இறங்கி மூழ்கிவிடும். தண்ணீர் தெளிக்காதீர்கள், இலையின் ஈரமே போதும். காகிதத்தைத் தினமும் மாற்ற வேண்டும். கடைக் கறிவேப்பிலை கூடவே கூடாது. நாம் கழுவிச் சமைத்துவிடுவோம், புழுவுக்கு அதில் தங்கியுள்ள மருந்தே கொல்லும் அளவு. சித்தாபுரா நர்சரிகளிலிருந்து புதிதாக வாங்கிவந்த செடியையும் உடனே நம்பாதீர்கள். வேர்வழி மருந்து போட்டிருக்கலாம். வாங்கிய பின் வந்த இரண்டாம் துளிர் வரை காத்திருங்கள். ஒரு நாள் முழுக்க அசையாமல், தின்னாமல் இருக்கும் புழு நோயாளி அல்ல, தோலுரிக்கத் தயாராகிறது. அதைப் பெயர்த்து வேறு இலையில் வைத்தால் காலூன்றிய பட்டு நூல் அறுந்து, பழைய தோல் கழலாமல் செத்துப்போகும். இலை மாற்றும்போது அது இருக்கும் துண்டை வெட்டி அப்படியே புது இணுக்கின்மேல் வைத்தால் போதும்.

முட்டையிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் புழு தின்பதை நிறுத்தும். குடலைக் காலி செய்து நீர்த்த எச்சம் போடும், பிறகு இடம் தேடி அலையும். பால்கனிக் கம்பி, சுவர், துணிக்கொடி எங்கும் போகும். “புழு காணாமல் போச்சு” என்பது இந்தக் கட்டம். இடம் பிடித்ததும் பட்டு மெத்தை பின்னி வால்நுனியைப் பதித்து, இடுப்பில் பட்டு நூலால் வளையம் போட்டுக்கொண்டு சாய்ந்து நிற்கும். ஒரு நாள் கழித்துக் கூட்டுப்புழு. பச்சைத் தண்டில் நின்றால் பெரும்பாலும் பச்சை, காய்ந்த குச்சியிலோ சுவரிலோ நின்றால் பழுப்பு. பழுப்பைக் கண்டு செத்துவிட்டது என்று தூக்கி எறியாதீர்கள். எலுமிச்சை அழகியின் கூட்டிலிருந்து பிரிக்க வேண்டுமானால் தலையைப் பாருங்கள்: மோர்மனுக்கு இரு கொம்புகளின் நடுவே பள்ளம் ஆழம், வயிறு பக்கவாட்டில் அதிகம் புடைத்திருக்கும்.

கூடு நூலறுந்து கீழே விழுந்தால் ஒன்றும் கெடவில்லை. தடித்த காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, வால் பக்கம் கீழே இருக்கும்படி உள்ளே நிறுத்தி, கூம்பைச் சுவரில் ஒட்டுங்கள். தலை வெளியே தெரிய வேண்டும். வெளிவரும் பூச்சி ஏறித் தொங்க மேலே சொரசொரப்பான துணியோ குச்சியோ இருக்க வேண்டும். இது இல்லாமல் போனால்தான் இறக்கை கசங்கிய பூச்சி வரும். கசங்கிக் காய்ந்த இறக்கையை யாராலும் நிமிர்த்த முடியாது.

இயற்கையில் முட்டைகளில் மிகச் சிலவே பறக்கும் பூச்சியாகின்றன. தையல்சிட்டு, கொண்டைக்குருவி, ஓணான், குளவி, கும்பிடுபூச்சி எல்லாம் பங்கு கேட்கும். எளிதில் கண்ணில் படாத எதிரிகள் ஒட்டுண்ணிகள். புழுவின் பக்கத்தில் திடீரென்று வெள்ளைப் பஞ்சுக் கூடுகள் தோன்றினால் பிராகோனிட் குளவி. கூட்டுப்புழுவிலிருந்து வெள்ளை நூல்போல் ஏதோ தொங்கிக் கீழே புழு கிடந்தால் டாக்கினிட் ஈ. கூடு நாளாகியும் விறைத்து, ஓரத்தில் ஊசித் துளை தெரிந்தால் டெரோமாலஸ் பேரினக் குளவி. தோல் இறுகாத புதுக்கூட்டில்தான் அது முட்டை வைக்கும், ஆகவே முதல் நாள் வலை போட்டாலே தப்பிக்கலாம். புழு கருத்துத் தளர்ந்து, தலைகீழாகத் தொங்கி நீராக ஒழுகினால் நோய்த்தொற்று. கூட்டமும் ஈரமும் உள்ள டப்பாவில்தான் அது பரவும். அதிலிருந்தவற்றை அப்புறப்படுத்தி, டப்பாவைப் பிளீச்சிங் கரைசலில் கழுவி வெயிலில் காயவையுங்கள். உயிருள்ள கூடு லேசாகத் தொட்டால் வயிற்றை ஆட்டும். சோதிக்க ஒரு முறை போதும்.

பத்து முதல் பதினான்கு நாளில் கூட்டின் தோல் வழியே இறக்கையின் கருப்பும் வெள்ளையும் தெரியும். மறுநாள் காலை வெளிவரும். தொங்கியபடி இறக்கைக்குள் ரத்தத்தை ஏற்றும்போது சிவந்த பழுப்பு நீர் சொட்டும். அது கழிவு, காயம் அல்ல. இறக்கை இறுக ஓரிரு மணி நேரம் ஆகும். மழை நாளானால் வெயில் காட்டும்வரை வலைக்குள்ளேயே விட்டுவைக்கலாம். டிசம்பர், ஜனவரிக் குளிரில் எல்லாக் கட்டமும் நீளும். அவசரப்பட்டு ஹேர் டிரையர் வைத்தவர்களும் உண்டு. வேண்டாம்.

வளர்ந்த பூச்சிக்குத் தேன் வேண்டும். இட்லிப்பூ, செம்பருத்தி, பென்டாஸ், சீமை நாயுருவி இவற்றில் இரண்டு தொட்டி போதும். பூவில் உட்கார்ந்தாலும் முன்னிறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டே குடிக்கும். ஆண்கள் ஈர மண்ணில் உப்புக்காக இறங்குவதால், தட்டில் ஈர மணல் வைத்தாலும் வருவார்கள். அசலையும் நகலையும் அருகருகே பார்க்க ஆசைப்பட்டால் ஈசுவரமூலிக் கொடி ஒன்று ஏற்றிவிடுங்கள். ஆனால் அதை நாட்டுமருந்து என்று கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம். அதே அரிஸ்டோலோகிக் அமிலம் மனிதச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கொசுப் புகை அடிக்க வரும் நாள் தெரிந்தால் தொட்டியை உள்ளே நகர்த்திவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வையுங்கள். வேப்பெண்ணெய் ‘இயற்கை’ என்பதால் புழுவுக்கு ஆகும் என்று நினைக்காதீர்கள், தோலுரிப்பையே தடுத்துவிடும். பி.டி. என்று விற்கும் பாக்டீரியா மருந்து புழுவின் குடலைத் தாக்கவென்றே செய்தது.

குளிர்காலத்தில் பெங்களூர்க் கறிவேப்பிலை பழுத்து உதிரும், துளிர் இருக்காது, முட்டையும் வராது. பிப்ரவரி கடைசியில் எல்லாக் கிளை நுனியையும் ஒரு சாண் வெட்டி, தொட்டி மண்ணை மேலாகக் கிளறி, ஒரு கைப்பிடி மட்கிய சாணத்தூள் போட்டு, புளித்த மோரை ஐந்து பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். செடி நாளுக்கு ஐந்து மணி நேரமாவது நேர்வெயிலில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் துளிர் வரும். அதன்பின் நுனி இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க ஆரம்பிக்கலாம்.